ஜெபக்குறிப்பு

ஜெஸ்பினின் வயிற்றின்மேல் கைவைத்து நான்கு பெண்கள் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபம் என்றுதான் பேர். அருமனை ஊரில் அந்த வீட்டு முன்னறைக்குள் சாயங்காலம் முழுக்க நடந்தது பஞ்சாயத்து.

ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளைக்கு மண்டையோடே உருவாகவில்லை என்று தெரிந்துவிட்டது. பிறந்தாலும் தங்காது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்ற டாக்டர், நாளைக் காலை வரச் சொல்லியிருந்தார். ஜெஸ்பின் அழுது தீர்த்துவிட்டுச் சரி என்றாள்.

மாமியார் ராஜபாய்தான் குறுக்கே விழுந்தாள். இந்த வீட்டில் கொலைபாதகம் நடக்காது என்று சபைப் பெண்களைக் கூட்டிவந்து உட்கார்த்திவிட்டாள். துபாயிலிருந்து சிஜின், அம்மா சொல்கிறபடி கேள் என்று போனை வைத்துவிட்டான். புருஷனாம் புருஷன்!

பெண்களுக்குள் ஆளுக்கொரு நியாயம். மூன்று மாதத்துக்குள் என்றால் பரவாயில்லை, இப்போது அசைகிறதே என்றாள் ஞானசெல்வி. அதெப்படி, கருவான அன்றைக்கே உயிர்தான் என்றாள் நேசபாய். ஒரு மணி நேரம் இருந்தாலும் ஞானஸ்நானம் கொடுத்து அனுப்பலாமே என்றாள் இன்னொருத்தி.

அசைவதை ஜெஸ்பினுக்கா சொல்லித்தர வேண்டும்? இன்னும் நாலு மாதம் சுமந்து பெற்று, அது மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. சொன்னால் இங்கே யார் காதில் ஏறும்?

முடிக்கப் போகிற நேரம், வழக்கம்போல நேசபாய் கேட்டாள்.

"வேற ஜெபக்குறிப்பு எதாவது உண்டா மக்கா?"

"உண்டு. எனக்க மூத்த பிள்ளைக்கும் ஜெபிக்கணும்."

பெண்கள் திருதிருவென்று விழித்தார்கள். இவளுக்கு இதுதானே தலைப்பிள்ளை?

ஜெஸ்பின் மாமியாரையே பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு சிஜினின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜெஸ்பினுக்கு அப்போது எட்டு வாரம். கல்யாண வீட்டில் இவள் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தால் யார் ஓடியாடி வேலை செய்வது என்று ராஜபாய்தான் மாத்திரை வாங்கிவந்தாள். வெந்நீரையும் அவளே நீட்டினாள். இது பிள்ளையில்லட்டி, வெறும் ரத்தக்கட்டி என்றாள். அந்தக் கருவுக்கு ஒரு குறை இருப்பதாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

ராஜபாயின் முகத்தில் ஈயாடவில்லை. மருமகளின் வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"பயத்துல என்னவோ உளறுதா. ஆமென் சொல்லுங்க" என்று எழுந்தாள்.

காப்பி எடுக்கப் போகிறவள், குனிந்து மருமகளின் காதோடு சொன்னாள்.

"காலையில ஆஸ்பத்திரிக்கு போவோம் மக்கா. இனி வாயத் தெறக்காத."

ஜெஸ்பின் தலையாட்டினாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

ஆண்டவர் அவள் மனதை மாற்றிவிட்டார் என்று நேசபாய் ஸ்தோத்திரம் சொன்னாள்.