ஊசிக்கு நடுங்கிய இருளாண்டி

மாசி மகத் தேருக்கு வருஷம் தவறாமல் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு மாத்தளை வீதியில் நடக்கிறவன் இருளாண்டி. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவனுக்குத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசியைக் கண்டதும் வியர்த்துக் கொட்டியது.

"காலையில சாப்பாட்டுக்கு முந்தி இனிமே நீதான் போடணும். ஒரு நாள் விட்டாலும் சீனி ஏறிப்போகும்," என்றார் டாக்டரய்யா.

"என்னால முடியாதுங்க. நீங்களே போட்டுவிடுங்க."

"தினமும் நான் ஒன் லயத்து வீட்டுக்கு வரவா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி காத்தாயி சிரித்தாள். "வேல் குத்துறப்போ கண்ணக்கூட சிமிட்ட மாட்டீங்க. இது எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"அத அம்மன் பாத்துக்குவா."

"இதையும் அவளே பாத்துக்குவா. புடிங்க."

கொதிநீரில் போட்டெடுத்த ஊசியை வாங்கி, டாக்டரய்யா காட்டிய கோடு வரை மருந்தை இழுத்தான். அதற்குமேல் கை நகரவில்லை.

"என் ஒடம்புன்னா எத்தன வேல் வேணும்னாலும் குத்திக்குவேங்க," என்றான். "இவ ஒடம்புல எப்புடிங்க குத்துவேன்?"

பத்து வருஷமாகத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டவள் காத்தாயி. இப்போது சீனி வியாதி கண்ணை மங்க வைத்து, மருந்தின் அளவுக் கோடு தெரியாமல் போய்விட்டது.

அவள் தடவித் தடவி அவன் கையிலிருந்த ஊசியை வாங்கினாள். இடுப்புச் சதையைப் பிடித்து, சட்டென்று குத்தி மருந்தை ஏற்றி முடித்தாள்.

"கோட்ட மட்டும் நீங்க பாத்துக் குடுங்க," என்றாள். "குத்துறத நான் பாத்துக்கிறேன்."