படகு இன்னும் கரைக்கு வரல

“தலையைக் குனிஞ்சிகினு பாடும்மா,” என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள் அம்மா.

கோவளத்து வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து, புயலில் தவித்த படகை மாதா கரைசேர்த்த பாட்டை எடுத்தாள் அருள்மேரி. செங்கல்பட்டிலிருந்து பெண் பார்க்க ஜட்கா வண்டியில் வந்து இறங்கிய சூசை, அப்பா அம்மாவோடு எதிரே இருந்தான்.

இரண்டாவது அடியில் ஓரக்கண்ணால் பார்த்தாள். மாப்பிள்ளை கையை அலைபோல் ஆட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பெற்றவர்களோ பாடுகிறவளை விட்டுவிட்டு, அவன் கையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குச் சுருக்கென்றது. பாட்டை நிறுத்திவிட்டாள்.

“கிண்டல் பண்றதுன்னா வெளியில போய்ப் பண்ணுங்க.”

“ஐயோ, கிண்டல் இல்லீங்க,” என்று பதறினான் சூசை. “அப்பா அம்மாவுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. இடம் சொன்ன உபதேசியார் சொல்லியிருப்பாருன்னு நெனைச்சேன். உங்க பாட்டைத்தான் கையால சொல்லிகினு இருந்தேன். கோயில் பிரசங்கம், சந்தை பேரம் எல்லாமே சின்ன வயசுலேர்ந்து நான்தான் அவங்களுக்குச் சொல்றது. படகு இன்னும் கரைக்கு வரல. முடிச்சிடுங்க, அம்மா தவிக்கிறாங்க.”

அருள்மேரி மறுபடி பாடினாள், இந்தத் தடவை தலை நிமிர்ந்து. படகு கரை சேர்ந்தது. சூசையின் அம்மா மகன் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, கையால் ஏதோ சொன்னாள்.

“இன்னா சொல்றாங்க?”

“உங்க குரல் ரொம்ப நல்லாகீதாம்.”

“காதுல வுழாம எப்படித் தெரியும்?”

சூசைக்கு முகம் சிவந்தது.

“என் மூஞ்சியில தெரியுதாம்.”