யானைத் தடத்தில் நின்ற முள்ளம்பன்றி

காட்டுத் தலைவர் தேர்தலுக்கு மூன்றே நாள் இருக்கையில், முழங்கால் வலி தாங்காமல் யானை போட்டியிலிருந்து விலகிவிட்டது. புலி ஜெயித்தால் குளத்தையே வளைத்துப் போட்டுவிடும் என்று பயந்த யானையின் அணியினர், அவசரமாகக் கூடி அதற்குப் பதிலாக முள்ளம்பன்றியை நிறுத்தினார்கள்.

"வாக்கு இலையிலெல்லாம் யானையோட கால்தடம் பதிச்சாச்சே!" என்று மான் பதறியது.

"இருக்கட்டும். அதுல விழுற வாக்கு உனக்குத்தான்" என்று தேர்தல் நடத்தும் ஆந்தை முள்ளம்பன்றியிடம் சொல்லிவிட்டது.

"அப்போ ஊருக்குச் சொல்றது என் வேலை" என்று முள்ளம்பன்றி கிளம்பியது. யானை ஒருநாளும் நுழைய முடியாத வளைகளுக்குள் எல்லாம் புகுந்து வாக்குக் கேட்டது.

"எங்க வாசலுக்கு வந்த முதல் வேட்பாளர் நீங்கதான்" என்றன எலிகள்.

எண்ணி முடித்தபோது யானைத் தடமே ஜெயித்திருந்தது.

வாழ்த்த வந்த யானை, "நான் நின்னிருந்தா இத்தனை வாக்கு விழுந்திருக்குமா?" என்று கேட்டது.

முள்ளம்பன்றி சிரித்தபடி, "முழங்கால் இப்போ எப்படி இருக்குண்ணே?" என்றது.