அரை லிட்டர்

கடைசிச் சுற்று. எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த சிவப்பு ரேஸ் கார், நீளமான வளைவில் பொசுக்கென்று அணைந்து ஓரமாய் உருண்டு நின்றது.

பின்னால் வந்த ஐந்து வண்டிகளும் தாண்டிப் போயின.

"தானா நின்னுச்சா, நிக்க வெச்சாங்களா?" என்றாள் அம்மா, சுற்றி இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி.

வண்டி ஓட்டியவள் அவள் மகள். மெக்கானிக் அவள் மருமகள். நாத்தனார் பேர் பேப்பரில் வருவது அண்ணிக்குப் பொறுக்கவில்லை என்று அம்மா சொல்லித் திரிவது ஷெட்டுக்கே தெரியும். இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது. ஆயில் அழுத்தம் குறைந்தால் இன்ஜினைத் தானாக அணைக்கிற சுவிட்சைப் போன வாரம்தான் அண்ணி மாட்டியிருந்தாள்.

அடுத்த சீசனுக்கு யாருக்கு வண்டி என்பது இந்த ரேஸில்தான் முடிவாக இருந்தது. வண்டியின் முதலாளி கொதித்துப்போய் வந்தார். அந்தச் சுவிட்சைப் பிடுங்கிக் குப்பையில் போடச் சொன்னார்.

"கழட்டிப் பார்த்துட்டுத் திட்டுங்க சார்" என்றாள் அண்ணி.

ஆயிலை வாளியில் வடித்துவிட்டு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினாள். நாத்தனார் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றாள். டிரைவர் கோட்டைத் தாண்டி இன்ஜினைத் தொட்டால் அன்றோடு சீட்டு காலி; முதலாளியின் சட்டம் அது.

அந்த வளைவில் வண்டி திரும்பும்போது ஆயில் மொத்தமும் சம்ப்பின் ஒரு பக்கமாய் ஏறிக்கொள்ளும். பால் பாட்டிலைத் தப்பாய்ச் சாய்த்தால் குழந்தை காற்றைக் குடிக்கிறதில்லையா, அந்த மாதிரி பம்ப்பும் காற்றை உறிஞ்சும். குழந்தைக்கு விக்கல் வரும். இன்ஜின் இறுகியே போய்விடும். அதற்காகத்தான் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளை அண்ணி தன் கையாலேயே வெல்டு வைத்திருந்தாள். அதையும் மீறினால்தான் சுவிட்ச்.

ஆயில் இல்லாமல் ஓடினால் முதலில் தேய்வது பேரிங். அண்ணி கழற்றிக் கொடுத்ததை முதலாளி வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுசு மாதிரி மின்னியது. ஒரு கீறல் இல்லை.

"அணையாம இன்னும் நாலு செகண்ட் ஓடியிருந்தா?"

"இறுகியிருக்கும் சார். பின்சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சுத்தியிருக்கும். பின்னால அஞ்சு வண்டி."

நாலு செகண்ட். ஒரு கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம். முதலாளி அந்தச் சின்னச் சுவிட்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் முதலாளி விடுகிற ஆள் இல்லை. தகடு இருந்தும் அழுத்தம் ஏன் குறைந்தது? வாளியில் இருந்த ஆயிலை அவரே அளந்தார். அரை லிட்டர் குறைந்தது. ஒழுகின தடம் எங்கேயும் இல்லை.

"காலைல ஊத்தினது யாரு?"

அண்ணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் சார். அளவு தப்பிடுச்சு."

அம்மாவுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. நான் அப்பவே சொன்னேனா இல்லையா என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டாள். சுவிட்ச் போட்ட மூளைக்கு அளக்கத் தெரியாதா என்றார் முதலாளி. இந்த வருஷம் முழுக்க இன்ஜின் பக்கம் வராமல் டயர் மாற்றிக்கொண்டு கிட என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் நாத்தனார் வந்தாள்.

"நீங்க ஊத்தினது சரியான அளவுதான், அண்ணி. ஆயில் கொஞ்சம் குறைஞ்சா இன்ஜின் லேசா சுத்தும், வேகம் கூடும்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் சாப்பிடப் போனப்ப நான்தான்..."

"தெரியும். ரேஸ் முடிஞ்சப்புறம்தான் பார்த்தேன், வடிச்ச டப்பா உன் ஹெல்மெட் பைக்குப் பின்னாலதான் இருந்துச்சு" என்றாள் அண்ணி. "முதலாளி கண்ணுல படறதுக்குள்ள கழுவிக் கவுத்து வெச்சுட்டேன்."