தகரத்தில் இரண்டு தட்டு

மாதவராஜ் தினமும் மாலையில் டிபன் கடை டிரெய்லரை ஜீப்பில் கோத்து நல்லம்பள்ளிக்கு ஓட்டி வருவான். சாக்கடையில் இறங்காமல் அதை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது கஷ்டம். அவனுடைய அப்பாதான் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கையசைப்பார். போதும் என்றால் டிரெய்லரின் தகரத்தை இரண்டு முறை தட்டுவார்.

டிரெய்லருக்குப் பின்பக்கம் காட்டும் கேமரா மாட்டிய அன்று, அவர் காதுபடவே நிர்மலா தன் கணவன் மாதவராஜிடம் சொன்னாள்: "இனிமே மாமா எதுக்குங்க? வூட்லயே இருக்கட்டும்."

அடுத்த மாதம், இவர்கள் இட்லி விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் தனியாக அவர் இறந்துபோனார். தண்ணீர்ச் செம்பு அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

மறுபடியும் கடை போட்ட நாளிலிருந்து கேமராத் திரையின் ஓரத்தில் ஒரு கை அசைகிறது. மாதவராஜ் அதைப் பார்த்தே வண்டியைப் பின்னால் எடுக்கிறான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

இன்று நிர்மலா தாங்க முடியாமல் இறங்கிப் பின்னால் போனாள். அங்கே யாரும் இல்லை. இருந்தாலும், "தப்பா சொல்லிட்டேன் மாமா," என்றாள்.

ஜீப்பிலிருந்து மாதவராஜ் தலையை நீட்டினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லு நிர்மலா. அப்பா கைய மறைக்கிற."

அவள் விலகினாள். வண்டி மெல்லப் பின்னால் வந்தது. அவளுக்கு ஒரு முழம் தள்ளி, தகரம் இரண்டு முறை அதிர்ந்தது.