முழு திருப்தி

காக்ஸ் டவுனில் ஒரு பள்ளி. ஆசிரியர்களின் பணி திருப்தி பற்றி ஆய்வு செய்ய வந்திருந்த ஸ்னேஹா, பூர்த்தியான படிவங்களைப் புரட்டிக் குழம்பினாள்.

"ஜென்ட்ஸ் ஆறு பேரும் பர்மனென்ட், பென்ஷன் இருக்கு. ஆனா எல்லாரும் குறைதான் எழுதியிருக்காங்க. லேடீஸ் பதினோரு பேருக்கு பென்ஷனே இல்ல. அத்தனை பேரும் 'முழு திருப்தி'ன்னு டிக் அடிச்சிருக்காங்க. எப்படி சார்?"

தாளாளர் சிரில் சிரித்தார். "லேடீஸுக்கு டெடிகேஷன் ஜாஸ்தி மேடம். காசு பார்க்க மாட்டாங்க."

அதைக் குறித்துக்கொண்டு ஸ்னேஹா கிளம்பினாள். கேட் அருகே ஜூடித் டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம், நேத்து எல்லாரும் ஃபார்ம் குடுத்தப்ப நான் லீவு. தெரியாம என் ஃபார்மை நேரா உங்க கட்டுல வெச்சுட்டேன். கொஞ்சம் எடுத்துத் தாங்க."

ஸ்னேஹா தேடி எடுத்தாள். படிவத்தின் பின்னால் இன்னொரு தாள் பின் செய்யப்பட்டிருந்தது. ஜூடித்தின் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கும் ஒப்பந்தம், பத்தொன்பதாவது முறையாக. தாளாளர் கையெழுத்து போடவேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஸ்னேஹா அந்தத் தாளை மட்டும் கழற்றிக் கொடுத்தாள்.

"ஃபார்மையும் குடுங்க மேடம்" என்றார் ஜூடித். "நான் டிக் அடிச்சதை சார் இன்னும் பார்க்கல."