திரும்பி வந்த அடுப்பு

“இந்தச் சனியனை முதல்ல எடுத்துட்டுப் போங்க!”

வீட்டுக்காரர் புது அடுப்பைத் தூக்கி வந்து முற்றத்தில் ‘ணங்’கென்று இறக்கினார். ஊர் ஊராகப் போய்ப் புகை இல்லாத அடுப்பு கொடுப்பவளுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் அடுப்பம்மா. காலையிலிருந்து பதினோரு வீடு ஏறி இறங்கியதில் அவளுக்குக் கால் கடுத்தது. இன்றைக்குத் திரும்பி வருகிற மூன்றாவது அடுப்பு இது.

“என்னங்க குறை? விறகு மிச்சமாகலையா?”

“ஆகுது. அதான் தொல்லை. ரெண்டு மாசமா இவ வீட்டோடயே கிடக்கா. பழையபடி தினம் காட்டுக்குப் போய் விறகு பொறுக்கட்டும்.”

சுவரோரம் பழைய விறகே இடுப்பளவு கிடந்தது. அடியில் கரையான் ஏறியிருந்தது. இது போதாதென்று இன்னும் வேண்டுமாமா?

வாசற்படியில் நின்ற மனைவியிடம் திரும்பினாள். “அக்கா, இருமல் எப்படி இருக்கு?”

“நின்னு போச்சு.”

“அப்போ நீங்களாவது சொல்லுங்களேன்.”

“அவர் சொன்னாச் சரிதான்.”

இதற்கு மேல் யாரோடு மல்லுக்கு நிற்பது? பெருமூச்சு விட்டபடி, அடுப்பைத் திரும்ப வாங்குவதற்கான படிவத்தை எடுத்தாள்.

“வீட்டுல எத்தனை பேர்?”

“ரெண்டு.”

“போன வருஷம் மூணுன்னு எழுதியிருக்கே. பொண்ணு...”

“அடிச்சு விடுங்க. பெத்தவன் பேச்சை மீறிக் கட்டிக்கிட்டுப் போனவ. அன்னிக்கே தலைமுழுகியாச்சு. அவ பேச்சை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது!”

மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அடுப்பைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனை வேன் வரைக்கும் வந்தார் அவர். அடுப்பம்மாவுக்கு அடக்க முடியவில்லை.

“ஏங்க, பொண்டாட்டின்னா சுமை தூக்குற கழுதையா? மறுபடி அந்தப் புகையில கிடந்து இருமணுமா அவங்க?”

“அவ எதுக்கு இருமணும்? இனிமே அடுப்படி என் பாடு. காட்டுக்குப் போறவளுக்கு ஆக்க ஏது நேரம்னு சொல்லிட்டு நானே பொங்கிக்கிறேன்.”

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் அடுப்பை வேனுக்குள் தள்ளிவிட்டு, வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“காட்டைத் தாண்டினா எம் பொண்ணு இருக்கிற ஊரு. ஆத்தாளும் மகளும் தினம் ஒரு மரத்தடியில உக்காந்து பேசிட்டு வருவாங்க. விறகு வேணாம்னு ஆனதுலேருந்து இவளுக்குச் சோறே இறங்கல.”

அடுப்பம்மா வேன் கதவை மெல்லச் சாத்தினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்டச் சொல்லிடாதீங்க.”